அத்தாட்சி நாய்க்கு அல்ல, நோவுக்கு!

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் உள்ள நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு மயில் வந்து நின்றது. நீண்ட தோகையுள்ள பெரிய மயில். அதன் பெயர் டெக்ஸ்டர்.

அந்த மயில் தம்முடைய மனத்துக்குத் துணை என்றும், அதைத் தம்முடன் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்றும் அதன் எஜமானி கேட்டார். அதற்குத் தனி ஆசனம் உண்டு என்று சொல்லியும் 'யுனைடெட்' விமானக் கம்பெனி மறுத்துவிட்டது. மயிலின் கனத்தையும் பருமனையும் காரணமாகக் காட்டியது. மயிலின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் மீது குற்றம் இல்லை. மயில் விமானத்தில் பறக்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவே ஒரு பெரிய விஷயம் அமுங்கிப் போயிற்று. மன நோயால் அவதிப்படுகிறவர்களுக்கு ஒரு வளர்ப்புப் பிராணி உண்மையிலேயே துணையாக இருக்க முடியுமா? முடியும் என்றால், அதை மற்றவர்களுக்கு எப்படி நிரூபிப்பது? டாக்டர் தரும் கடிதத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்விகள் சிரிப்புக்கு உரியவை அல்ல. பல ஆயிரம் குடும்பங்களின் நிம்மதி இவற்றில் அடங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட பிராணிக்கு அமெரிக்காவில் 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' என்று பெயர். நாம் அதை 'மனத்துணைப் பிராணி' என்று சொல்லிக் கொள்ளலாம்.

பழைய வைத்தியம்

பிராணி மனிதனுக்கு ஆறுதல் தரும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்பவர் 1796-ம் ஆண்டில் ஒரு மனநோய் விடுதியைத் திறந்தார். மன நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப்போட்டு வந்த காலம் அது. டியூக்கின் விடுதியிலோ அன்புதான் முதல் மருந்து. விடுதி முற்றங்களில் முயல்களும், கடற்பறவைகளும், கோழிகளும் வளர்க்கப்பட்டன. நோயாளிகள் அவற்றோடு பொழுது போக்கினார்கள். தன்னைவிடச் சிறிய ஓர் உயிரைக் கவனித்துக் கொள்ளும்போது மனிதனுக்குத் தன் மீதே ஒரு பிடிப்பு உண்டாகிறது என்பதை அந்த விடுதிக்காரர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

தாதித் தொழிலுக்கே வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று தமது நூலில் எழுதி வைத்தார்.

நம் காலத்து வைத்திய உலகில் இந்த விஷயத்தைத் துணிந்து பேசியவர் போரிஸ் லெவின்சன். நியூயார்க்கில் குழந்தைகளுக்கு மன சிகிச்சை செய்து வந்தவர். அவரிடம் 'ஜிங்கிள்ஸ்' என்ற நாய் இருந்தது. யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைப் பெற்றோர் ஒரு நாள் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்து விட்டார்கள். நாய் அப்போது அறையில் இருந்தது. அது ஓடிப் போய்ச் சிறுவனை நக்கியது. சிறுவன் பயப்படவில்லை. நாயைத் தழுவிக் கொண்டான். நாய் திறந்த கதவு வழியாக டாக்டரும் மெல்ல உள்ளே போனார்.

1961-ம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களின் மகாநாட்டில் லெவின்சன் இந்த அனுபவத்தைச் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள். அவர் அஞ்சவில்லை. அடுத்த ஆண்டே கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

கேலி செய்த காலம் மலையேறிவிட்டது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகத்தார் 249 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2019-ல் வெளியாயிற்று. பத்து நிமிஷம் நாயையும் பூனையையும் தடவிக் கொடுத்த மாணவர்களுக்கு, மன உளைச்சலின்போது உடலில் ஊறும் 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு குறைந்தது. பிறர் தடவுவதைத் தூர நின்று பார்த்தவர்களைவிட, படம் மட்டும் பார்த்தவர்களைவிட, இவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது.

இதனால் நாய் மாத்திரைக்கு மாற்று என்று ஆகிவிடாது. பத்து நிமிஷ ஆறுதல் வேறு, பல ஆண்டு நோய் குணமாவது வேறு. டாக்டர் தரும் மருந்தும், பேச்சுச் சிகிச்சையும், குடும்பத்தாரின் அன்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தே தீர வேண்டும். பிராணி அவற்றோடு சேரும் ஒரு துணை. ஆனாலும் துணைதான்.

காலையில் எழுந்திருக்கவே மனமில்லாமல் சுவரைப் பார்த்துக் கொண்டு படுத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சாப்பாடு வேண்டாம். சூரிய வெளிச்சம் வேண்டாம். ஆனால் நாய்க்குப் பசிக்கும். வெளியே போக வேண்டும் என்று அது கதவைப் பிராண்டும். தனக்காக எழுந்திருக்காதவர் நாய்க்காக எழுந்திருக்கிறார். தெருவுக்குப் போகிறார். எதிரே வருகிறவர் நாயைப் பார்த்து நின்று ஒரு வார்த்தை பேசுகிறார். பெரிய மாளிகைக்குச் சிறிய சாவி போல, ஒரு நாள் வாழ்க்கை இப்படித்தான் திறக்கிறது.

இரண்டு ஜாதிப் பிராணிகள்

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துக் கொள்ள வேண்டும்.

பார்வையற்றவரை வழிநடத்தும் நாயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அது பயிற்சி பெற்ற நாய். மன நோயாளிகளுக்கும் அப்படிப் பயிற்சி பெற்ற நாய்கள் உண்டு. போரிலிருந்து திரும்பிய சிப்பாய் இரவில் கெட்ட கனவு கண்டு அலறினால் அவரை எழுப்பும். வேளைக்கு மருந்து சாப்பிட நினைவூட்டும். இவை 'சேவை நாய்கள்'. 1990-ல் அமெரிக்காவில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி இவற்றைக் கடைக்கும் ஓட்டலுக்கும் தடையின்றி அழைத்துப் போகலாம். நாயின் வேலை பார்த்தாலே விளங்காதபோது, கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைக்காக இந்த நாய் தேவையா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? அவ்வளவுதான். கடிதம் காட்டு, சர்டிபிகேட் காட்டு என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை.

மனத்துணைப் பிராணி வேறு ஜாதி. அதற்குப் பயிற்சி தேவையில்லை. அது நாயாகவும் இருக்கலாம், பூனையாகவும் இருக்கலாம், கிளியாகவும் இருக்கலாம். அது ஒரு வேலையும் செய்வதில்லை. கூட இருப்பதுதான் அதன் வேலை. அதை ஓட்டலுக்குள் அழைத்துப் போக அந்த 1990-ம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் அதற்கு உரிமை எங்கே இருக்கிறது? வீட்டில் இருக்கிறது. குடியிருப்பு நியாயச் சட்டத்தில் 1988-ம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, உடற்குறையோ மனக்குறையோ உள்ள குடித்தனக்காரருக்காக வீட்டுக்காரர் தமது விதிகளை நியாயமான அளவுக்குத் தளர்த்த வேண்டும். 'இங்கே பிராணி வளர்க்கக் கூடாது' என்ற போர்டு இருந்தாலும், மன நோயாளியின் துணைப் பிராணிக்கு இடம் கொடுக்க வேண்டும். பிராணிக்கென்று தனி முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் பிராணி கதவைக் கடித்துப் பாழாக்கினால் அந்த நஷ்டத்தைக் குடித்தனக்காரர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் தாமே குடியிருக்கும், நாலு குடித்தனத்துக்கு மேற்படாத சிறிய கட்டிடங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நெப்ராஸ்கா மாநிலத்தில் கியர்னி நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ஒரு மாணவி தமது மனக் கலக்கத்துக்குத் துணையாகச் சிறிய நாயொன்றைத் தமது குடியிருப்பில் வைத்துக் கொள்ள அனுமதி கேட்டார். பல்கலைக் கழகம் மறுத்தது. 2011-ல் அமெரிக்க சர்க்காரே வழக்குத் தொடர்ந்தது. மாணவர் விடுதிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2013-ல் கோர்ட்டு சொல்லிற்று. முடிவில் 2015-ம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. இரண்டு மாணவர்களுக்குச் சேர்த்து 1,40,000 டாலர் கொடுக்கவும், விதிகளை மாற்றவும் பல்கலைக் கழகம் ஒப்புக்கொண்டது.

கடிதம் எதைச் சொல்ல வேண்டும்?

காலை இழந்தவர் தமது குறையை நிரூபிக்கத் தேவையில்லை. பார்த்தாலே தெரிகிறது. மனம் நொந்தவரின் குறை கண்ணுக்குத் தெரியாது. நன்றாக உடுத்தியிருப்பார், நாலு வார்த்தை சிரித்தும் பேசுவார். உள்ளே எரிவது யாருக்குத் தெரியும்? ஆகவேதான் இங்கே ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதம் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று: இவருக்கு அன்றாட வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கக்கூடிய மனக்குறை இருக்கிறது. இரண்டு: இந்தப் பிராணி கூட இருப்பது அந்தக் குறையின் வேதனையைத் தணிக்க உதவுகிறது.

வியாதியின் பெயரைக் கூட எழுதத் தேவையில்லை. அமெரிக்க வீட்டு வசதி இலாகா 2020 ஜனவரியில் வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவாகச் சொன்னது. வியாதியின் விவரத்தையோ, வைத்திய ஏடுகளையோ வீட்டுக்காரர் கேட்கக் கூடாது என்றது. பணம் கட்டிய யாருக்கும் இணையதளத்தில் விற்கப்படும் சர்டிபிகேட் மட்டும் போதுமான சாட்சி ஆகாது என்றும் அதே குறிப்பு சொன்னது. இலாகாக் குறிப்புகள் சர்க்காருக்குச் சர்க்கார் மாறும். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களில் உள்ள நியாயம் மாறாது. நோயாளியின் மானத்தைக் காப்பாற்று, போலியை ஒதுக்கு. இதைவிட நல்ல விதியை யார் எழுத முடியும்?

மன நோய் என்றால் நாலு பேருக்குத் தெரியாமல் மூடி வைக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. வீட்டுக்காரரிடமும், அடுத்த வீட்டாரிடமும் தன் நோயைக் கடை விரித்துத்தான் ஒரு பூனையை வைத்துக்கொள்ள முடியும் என்றால், பாதிப் பேர் பூனையே வேண்டாம் என்று விட்டு விடுவார்கள். அதனால்தான் கடிதம் நோயைப் பேசாமல் தேவையை மட்டும் பேசுகிறது.

கவனித்தீர்களா? இதில் எங்கேயும் பிராணிக்கு அத்தாட்சி இல்லை. பிராணியைப் பதிவு செய்ய அமெரிக்க மத்திய சர்க்கார் எந்த ஆபீசையும் திறக்கவில்லை. கடிதம் பேசுவது மனிதனைப் பற்றி. அந்த மனிதனை அறிந்த டாக்டர் ஒருவர் அதை எழுதுகிறார் என்பதில்தான் கடிதத்தின் மதிப்பு முழுவதும் இருக்கிறது.

சீட்டு வியாபாரம்

இந்த உண்மையைத் தலைகீழாக்கி ஒரு வியாபாரமே கிளம்பியது.

இணையதளத்தைத் திறந்தால், 'உங்கள் நாயைப் பதிவு செய்யுங்கள்' என்று விளம்பரம் வரும். நாயின் பெயரையும் படத்தையும் அனுப்பினால் போதும். பளபளப்பான அடையாளச் சீட்டு வரும். நாய்க்கு மாட்டச் சட்டை வரும். தங்க நிற முத்திரை போட்ட சர்டிபிகேட் வரும். சட்டத்தின் முன் இவை எல்லாம் வெற்றுக் காகிதம். இன்னும் சில இடங்களில், சில கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பணம் கட்டினால் முகம் தெரியாத ஒரு நிபுணரின் கையெழுத்தோடு கடிதமே வந்துவிடும். அவர் நோயாளியைப் பார்த்ததில்லை, பேசியதில்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை.

ஜுரம் இல்லாமலே 'டாக்டர் சர்டிபிகேட்' வாங்கி லீவு போடும் வித்தை நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. அதன் பலனும் தெரியும். உண்மையாகவே ஜுரத்தில் கிடப்பவன் சர்டிபிகேட் அனுப்பினாலும் மேலதிகாரி உதட்டைப் பிதுக்குவார். பொய்ச் சீட்டு ஒன்று புகுந்தால் மெய்ச் சீட்டு ஒன்பதின் மதிப்பு போய்விடும். அமெரிக்காவில் நடந்ததும் அதுதான்.

2019 நவம்பரில் வீட்டு வசதி மந்திரியாக இருந்த பென் கார்சன், வியாபாரக் கண்காணிப்புக் கமிஷனுக்குக் கடிதம் எழுதி, இப்படிச் சீட்டு விற்கும் இணையதளங்களை விசாரிக்கும்படி கேட்டுக் கொண்டார். நோய் அவ்வளவு முற்றிவிட்டிருந்தது.

விமானத்தில் மூடிய கதவு

ஆகாய விமானத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு காலத்தில் மனத்துணைப் பிராணியை விமானத்தில் கட்டணமின்றி அழைத்துச் செல்ல அனுமதி இருந்தது. ஓராண்டுக்குள் வாங்கிய மனநல நிபுணரின் கடிதம் காட்டினால் போதும். வெறும் வளர்ப்புப் பிராணி என்று சொன்னால் நூறு டாலர் அளவில் கட்டணம் கட்ட வேண்டும். துணைப் பிராணி என்று சொன்னால் இலவசம். பிறகு கேட்பானேன்!

அமெரிக்க விமானக் கம்பெனிகளின் சங்கம் ஒரு கணக்குக் கொடுத்தது. 2016-ல் அவற்றில் பயணம் செய்த மனத்துணைப் பிராணிகள் 4,81,000. அடுத்த ஆண்டே அது 7,51,000 ஆகிவிட்டது. ஒரே வருஷத்தில் 2,70,000 பிராணிகள் கூடுதல்! ஒரே வருஷத்தில் அத்தனை பேருக்கு மன நோய் வந்துவிட்டதா? இல்லை. கடிதம் சுலபமாகிவிட்டது.

பயிற்சியில்லாத பிராணிகள் கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு மிரண்டன. 2017 ஜூனில், அட்லாண்டாவிலிருந்து சான்டியாகோ போக இருந்த விமானத்தில் ஒரு துணை நாய், பக்கத்து ஆசனத்துப் பிரயாணியின் முகத்தைக் கடித்துக் குதறியது. விமானத்தில் பிராணிகளால் ஏற்படும் தொல்லைகள் 2016-லிருந்து 84 சதவீதம் கூடிவிட்டன என்று 'டெல்டா' கம்பெனி 2018-ல் அறிவித்தது. பார்வையற்றவர்களின் பயிற்சி பெற்ற நாய்களையும் இந்தப் போலி நாய்கள் சீண்டின. பல ஆண்டு பாடுபட்டுச் சம்பாதித்த மரியாதை, சட்டை மாட்டிய போலிகளால் கெட்டது.

2020 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்து இலாகா புது விதி வெளியிட்டது. 2021 ஜனவரி 11-ந் தேதி அது அமலுக்கு வந்தது. விமானத்தில் சேவைப் பிராணி என்றால் பயிற்சி பெற்ற நாய் ஒன்றுதான். மனநோய்க்காகப் பயிற்சி பெற்ற நாயும் அதில் சேரும். மனத்துணைப் பிராணிகளை மற்ற வளர்ப்புப் பிராணிகளைப் போலவே கம்பெனிகள் நடத்தலாம்.

இப்போது நியாயத்தைக் கேளுங்கள். பொய்க் கடிதம் காட்டியவருக்கு என்ன நஷ்டம்? இனிக் கட்டணம் கட்டுவார். அல்லது நாயை வீட்டில் விட்டுப் போவார். அவ்வளவுதான். ஆனால் உண்மையாகவே மனம் நடுங்குகிறவர், மடியில் பூனை இருந்தால்தான் விமானத்தில் உட்கார முடியும் என்கிறவர், தம்முடைய டாக்டரின் மெய்க் கடிதத்தோடு வந்தாலும் அதற்கு மதிப்பு இல்லை. பயிற்சி பெற்ற நாய் வாங்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். பணமுள்ளவர் வாங்கிக் கொள்வார். பணமில்லாதவர் எங்கே போவார்? கள்ளன் செய்த குற்றத்துக்குக் காவலன் வீட்டுக் கதவை அடைத்தது போலாயிற்று.

வீட்டுக்காரரின் கட்சி

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கல் நெஞ்சர்கள் அல்ல. அவர்களுக்கும் ஒரு கட்சி உண்டு. அடுத்த குடித்தனத்தில் நாய் முடி பட்டால் மூச்சுத் திணறுகிறவர் இருக்கலாம். இரவெல்லாம் குரைக்கும் நாயால் குழந்தைகள் தூங்காமல் போகலாம். ஒருவரின் ஆறுதல் இன்னொருவரின் துன்பமாகக் கூடாது. கடிக்கிற பிராணியை மறுக்கச் சட்டமே வீட்டுக்காரருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிராணி உண்மையில் என்ன செய்தது என்று பார்த்து மறுக்க வேண்டும். 'இந்த ஜாதி நாயே இப்படித்தான்' என்று மறுப்பது நியாயமாகாது.

பிராணியின் கட்சியையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது வாயில்லா ஜீவன். தனக்குத் துணை வேண்டும் என்பதற்காக, அடைத்த அறையிலும், இரைச்சலான கூட்டத்திலும் அதை வதைப்பது அன்பு ஆகுமா? தன்னையே கவனித்துக் கொள்ள முடியாத கட்டத்தில் இருப்பவரிடம் ஒரு நாய்க் குட்டியை ஒப்படைப்பது இருவருக்குமே நல்லதல்ல. அதையும் பார்த்து எழுதுவதுதான் நல்ல டாக்டரின் கடிதம்.

டாக்டரின் சங்கடம்

டாக்டருக்கோ தர்ம சங்கடம். பல மாதம் சிகிச்சை பெறும் நோயாளி, "ஒரு கடிதம் கொடுங்கள்" என்று கேட்கிறார். மறுத்தால் மனம் நோகும். நம்பிக்கை அறுந்து போகும். கொடுத்தாலோ, அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல; சட்டத்தின் முன் நிற்கும் சாட்சியம். சிகிச்சை செய்வது தாயின் வேலை. சாட்சி சொல்வது நீதிபதிக்கு உதவும் வேலை. இரண்டையும் ஒருவரே செய்வதில் உள்ள முரண்பாட்டை ஜெஃப்ரி யங்கிரென் முதலிய அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 2016-ல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள்.

அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் நோயாளியை அறியாத ஒருவர் எழுதும் கடிதத்தைவிட, அறிந்த டாக்டர் யோசித்து எழுதும் கடிதமே மேல் என்பது நம் அபிப்பிராயம். நாய் மேல் பிரியம் இருப்பது வேறு. நாய் இல்லாமல் நோய் மிஞ்சுவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கேள்வித்தாள் கண்டுபிடிக்காது. பல நாள் எதிரே உட்கார்ந்து கேட்ட காதுதான் கண்டுபிடிக்கும். 'உங்களுக்கு இது தேவையில்லை' என்று அன்போடு மறுக்கத் தெரிந்த டாக்டரின் கையெழுத்துக்குத்தான் விலை உண்டு.

சரியான வழி

இந்த வழியில் கலிபோர்னியா மாநிலம் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே அமலுக்கு வந்த சட்டத்தின்படி, மனத்துணை நாய்க்காகக் கடிதம் எழுதும் டாக்டருக்கும் நோயாளிக்கும் குறைந்தது 30 நாள் பழக்கம் இருக்க வேண்டும். நோயாளியைப் பரிசோதித்துத் தேவையை நிர்ணயித்திருக்க வேண்டும். தொழில் லைசென்ஸ் நம்பரைக் கடிதத்தில் குறிக்க வேண்டும். நாய்ச் சட்டையும் சர்டிபிகேட்டும் விற்பவர்கள், 'இதனால் உங்கள் நாய் சேவை நாய் ஆகிவிடாது' என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

புளோரிடா மாநிலம் 2020 ஜூலையிலிருந்து இன்னொரு விதமாகத் தண்டித்தது. பொய்க் கடிதம் காட்டுகிறவர் குற்றவாளி. அவர் ஊனமுற்றோருக்கான ஸ்தாபனம் போன்ற இடத்தில் 30 மணி நேரம் ஊழியம் செய்ய வேண்டும். யாருடைய உரிமையைத் திருடினாரோ அவர்களுக்கே வேலை செய்! பொருத்தமான தண்டனை.

30 நாள் என்பது அவசரமாக வீடு தேடும் ஏழைக்கு நீண்ட காலம்தான். டாக்டரிடம் போகவே வசதியில்லாதவரும் உண்டு. தூரத்திலிருந்து தொலைபேசியிலும் கணினித் திரையிலும் ஒழுங்காகச் சிகிச்சை செய்யும் நல்ல டாக்டர்களையும், சீட்டு வியாபாரிகளோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. திரை வழியாகப் பார்ப்பது குற்றமல்ல; பார்க்காமலே எழுதுவதுதான் குற்றம். ஆகவே சட்டத்தோடு சேர்ந்து, ஏழைகளுக்கு எட்டும் மனநல சிகிச்சையும் வளர வேண்டும். சிகிச்சை இல்லாத ஊரில் கடிதம் எங்கிருந்து வரும்? கடைச் சரக்காகத்தான் வரும்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் வேலைக்கும் அமெரிக்கா சென்ற பிள்ளைகள் அங்கே வாடகை வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும்தான் இருக்கிறார்கள். குளிர் காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர்களில், தனி அறையில், பேச ஆளில்லாமல் மனம் வெம்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் யாராவது, "நான் ஒரு பூனை வளர்க்கட்டுமா அம்மா?" என்று கேட்டால் பெற்றோர் சிரித்துவிட வேண்டாம். "படிக்கப் போனாயா, பூனை மேய்க்கப் போனாயா?" என்று அதட்டவும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

மனம் சரியில்லை என்று பிள்ளை சொன்னால், முதலில் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பல்கலைக் கழகங்களிலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிராணி தேவைதான் என்று அந்த டாக்டரோ ஆலோசகரோ கருதினால், அவர் எழுதும் கடிதத்தைக் கொண்டு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கட்டும். பணம் கட்டினால் உடனே வரும் சீட்டை வாங்க வேண்டாம். பணமும் போகும், பேரும் கெடும், நாளைக்கு மெய்யான தேவையோடு வரும் இன்னொரு பிள்ளைக்கும் கதவு அடைபடும்.

சட்டம் செய்வோருக்கும், வீட்டுக்காரர்களுக்கும், டாக்டர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். போலியை ஒழிக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் சந்தேகத்தைக் கடிதத்தின் மீது திருப்புங்கள். கலங்கி நிற்கும் மனிதன் மீது திருப்பாதீர்கள். எழுதியவர் யார், அவருக்கு இவரைத் தெரியுமா என்று கேளுங்கள். 'உன்னைப் பார்த்தால் நோயாளி மாதிரி தெரியவில்லையே!' என்று மட்டும் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நோயை மெய்யென்று நம்ப வைப்பதே அவருக்குப் பாதி உயிர் போகும் பாடு. அந்தப் பாட்டை ஒரு நல்ல டாக்டரின் நாலு வரிக் கடிதம் குறைக்கிறது. அந்த நாலு வரியைக் கடைச் சரக்காகாமல் காப்பாற்றுவது அனைவரின் கடமை.